நான்காவது கதவு

தொள்ளாயிரம் வெள்ளி.
சாவி ஒன்றுதான் இருக்கிறது என்பதால்
ஐம்பதைக் குறைத்துக்கொண்டார் லியோங்.
செந்தூல் அடுக்குமாடியின் பின்புறம்
குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில்
ஆறு வருஷம் நின்ற இஸ்வாரா.
நான்கு டயரும் தரையோடு ஒட்டிப்போய்,
கூரையில் அங்சானா இலைகள் மக்கி
அதில் ஒரு செடிகூட முளைத்திருந்தது.
பிடுங்க மனம் வரவில்லை.
பிடுங்கினேன்.

பைத்தியமா உனக்கு என்றாள் தங்கை.
இரவு பத்தரைக்கு
மருத்துவமனை வாசலில் நிற்பவளுக்குத்தான் தெரியும்,
கடைசி பஸ் கண்முன்னால் போவது
எந்த வகைப் பைத்தியம் என்று.

கடன் எழுதுகிற அதே 555 நோட்டுதான்,
புதிதாக ஒன்று வாங்கினேன்.
பேட்டரி, பழையது, அறுபது.
பெட்ரோல் பம்ப், சான் சௌ லினில், நாற்பத்தைந்து;
வாய் திறக்காமல் இருந்திருந்தால் எழுபது.
பிரேக் மட்டும் புதிது, அதில் கஞ்சத்தனம் பண்ணவில்லை.
ஆனால் விலையை அடித்து வைத்தேன்,
தங்கை நோட்டைப் புரட்டுவாள்.

ஸ்பேனர் டப்பாமேல் கைப்பேசியைச் சாய்த்து
கெடாக்காரப் பையன் ஒருவன்
கார்புரேட்டர் கழற்றுவதை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன்.
அவனுக்குப் பத்து நிமிஷம்,
எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை.
எல்லாம் மாட்டி முடித்தபின்
ஒரு திருகாணி மிச்சம்.
வண்டி ஓடுகிறது.
அது எங்கே இருக்கவேண்டியது
என்று யாரிடமும் கேட்கவில்லை.

மணல்தாளால் தேய்க்கத் தேய்க்க
நீலத்துக்கு அடியில் சாம்பல்,
சாம்பலுக்கு அடியில் சிவப்பும் வெள்ளையும்.
கதவில் பேய்போலத் தெரிந்தன
நான்கு எழுத்தும் ஒரு தொலைபேசி எண்ணும்.
டாக்சியா நீ?
பின்சீட்டின் இடுக்கில் விரல் விட்டேன்:
எட்டு ஐந்துகாசு, ஒரு ஊக்கு,
யாரோ ஒருத்தியின் தோட்டுத் திருகாணி.
அந்தத் தோடு என்ன ஆனதோ,
அன்று இறங்கிப்போனவள்
காதைத் தொட்டுப் பார்த்த இடம் எதுவோ.
தீப்பெட்டியில் போட்டேன்,
என்னுடைய மிச்சத் திருகாணியோடு.

ஆடம்பரம் ஒன்றே ஒன்று.
கியருக்கு மேல் பீங்கான் குமிழ்,
பழைய அலமாரிக் கைப்பிடி, பூப்போட்டது, மூன்று வெள்ளி.
மூன்றாவது கியருக்குத் தள்ளும்போது
உள்ளங்கையில் ஒரு பூ குளிரும்.

பின்பக்க இடது கதவு அடியோடு அரித்திருந்தது.
வேறொன்று வாங்கி வந்தேன்,
மோதி நொறுங்கிய எவரோ ஒருவரின் காடியிலிருந்து.
எண்பது வெள்ளி. கிளிப்பச்சை.
மூன்று கதவுக்கும் பானெட்டுக்கும் வந்த நீலம்
நான்காவதற்கு வரும்போது
டப்பாவிலிருந்து வெறும் காற்றாய்ச் சீறியது.
அன்று தேதி பதினாறு.
சம்பளம் இருபத்தெட்டு.

இருபதாம் தேதி ராத்திரி ஜாலான் ஈப்போவில்
சாலைத் தடுப்பு.
டார்ச் வெளிச்சம் பானெட்டில் நடந்து,
கதவில் நடந்து, பச்சையில் நின்றது.
கிராண்டில் என்ன நிறம் என்றார்.
நீலம்.
அப்போ இது?
இன்னும் சம்பளம் வரலை, துவான்.
அவர் விரல்முட்டியால் அந்தக் கதவை
இரண்டு தரம் தட்டினார்,
உள்ளே ஆள் இருப்பதுபோல.
போ என்றார்.

இருபத்தெட்டு வந்தது, போனது.
இரண்டாவது சாவி செய்தேன்,
வைப்பர் மாற்றினேன்.
நீல டப்பா மட்டும்
நோட்டில் எழுதியபடியே இருக்கிறது.

பத்தரைக்கு வாசலைத் தாண்டும்போது
பஸ் நிற்குமிடத்தில் நூர்லியாவும் செண்பகவல்லியும்.
பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டியதில்லை.
தூரத்திலேயே பையை எடுத்துத் தோளில் மாட்டுகிறார்கள்,
நேராகப் பச்சையிடம் வருகிறார்கள்.
மற்றவை இழுத்தால் முரண்டு பிடிக்கும்.
இது மட்டும்,
யாருடைய வண்டியில் பழகியதோ,
தொட்டவுடன் திறக்கிறது.